பல்லிகளுக்குச் சந்தனம்

அசோக்குமார் எழுந்தான். மோட்டாரைப் போட்டான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். காபி போட்டு, நின்றுகொண்டே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். பீரோவைத் திறந்தான்.

ஆல்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பீரோவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஆபீஸ் கிளம்ப வேண்டும். ஒரு வருஷமாக அப்படித்தான். அன்று விஜயதசமி, ஆபீஸ் இல்லை. பீரோவில் ஆல்பமும் இல்லை.

முந்தின நாள் சாவியைக் கொடுத்தது அவன்தான். மாமியார் அழகம்மாள் ஆயுத பூஜைக்காகப் பரவையிலிருந்து வந்திருந்தார். மகள் சத்யப்ரியாவின் குத்துவிளக்கை எடுக்க வேண்டும் என்று சாவி கேட்டார். கொடுத்துவிட்டு அவன் ஆபீஸ் பூஜைக்குப் போனான். பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, ஹாலில் லைட்டைக்கூடப் போடாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

இப்போது ஹாலுக்கு வந்து லைட்டைப் போட்டான். சுவரோரம் சரஸ்வதி படம். முன்னால் ஒரு பலகை. பலகையில் அவனுடைய பைக் சாவி, லேப்டாப், இஸ்திரிப் பெட்டி, குக்கர், வேலைக்குக் கொண்டுபோகிற அளவு டேப். நடுவில் ஆல்பத்தின் தாள்கள், ஒவ்வொன்றாகக் கழற்றி அப்பளம் காயப்போட்டதுபோல் பரப்பியிருந்தன. தாளெல்லாம் தபால் தலைகள். தபால் தலையெல்லாம் பழங்கால விலங்குகள். ஒவ்வொரு விலங்கின் நெற்றியிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

அவன் குனிந்து பார்த்தான். பெரிய விலங்குக்குப் பெரிய பொட்டு, சிறியதற்குச் சிறிய பொட்டு. மங்கோலியாவின் நீளக் கழுத்துக்காரனுக்கு நெற்றி போதாததால் கழுத்தில் வைத்திருந்தது. போலந்து நாட்டுப் பறக்கும் பல்லிக்கு இரண்டு இறக்கையிலும், பைக்கின் இரண்டு கைப்பிடிக்கு வைப்பதுபோல. எல்லாவற்றுக்கும் சாந்தமான முகம் வந்துவிட்டிருந்தது. கோரைப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒன்று பழனிக்குப் போய்த் திரும்பிய ஆளைப்போல இருந்தது.

அசோக்குமாருக்கு வேலை, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சேதம் எவ்வளவு என்று சொல்வது. பழக்கத்தில் மனது தானாக எழுதிக்கொண்டது. சேதம்: முன்பக்கம் முழுவதும். காரணம்: பக்தி.

அழகம்மாள் சமையலறையிலிருந்து வந்தார்.

"குளிச்சிட்டீகளா மாப்ள?"

"இதை ஏன் அத்தை வெளிய எடுத்தீங்க?"

"வருசம் கழிஞ்சு வர்ற மொதப் பூசை. இஸ்திரிப் பொட்டிக்கே பொட்டு வச்சிருக்கேன். இதை மட்டும் அனாதையா பீரோவுக்குள்ள போட்டு வைக்கவா?"

ஒரு தாளில் பொட்டு இல்லாமல் இருந்தது. கல்லில் பதிந்த பழைய செடிகளின் தபால் தலைகள் அவை. அவன் அதைப் பார்ப்பதை அழகம்மாள் கவனித்தார்.

"அது வெறும் எலைதான மாப்ள," என்றார்.

விடிகாலையில் அழகம்மாள் எல்லாவற்றுக்கும் புதிதாக வைத்த சந்தனம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அப்போதே துடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் கையை நீட்டினான். அழகம்மாள் குறுக்கே வந்தார். பூஜையில் வைத்ததை மறுபூஜை செய்யாமல் எடுக்கக் கூடாது. மறுபூஜைக்கு நல்ல நேரம் வர வேண்டும். நல்ல நேரம் பத்தரைக்கு.

அவன் பலகைக்கு எதிரே உட்கார்ந்தான். சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயந்திரம் நாலு மணிக்குள் அந்தத் தாள்கள் கோரிப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் அங்கே தபால் தலைக் கண்காட்சி. சங்கத்தின் செயலாளர் பட்டாபிராமன் பெரிய மனது வைத்து, தாள்களை மாட்டி வைக்கிற ஒரு சட்டத்தை சத்யப்ரியாவுக்கு ஒதுக்கியிருந்தார். நாலு மணிக்கு வராவிட்டால் அந்த இடம் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிற ஒருவருக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். சட்டத்தின் கீழே ஓர் அட்டை இருக்கும். சேகரித்தவர் என்று போட்டு, பக்கத்தில் பெயர்.

அசோக்குமாருக்கு வேண்டியது அந்த அட்டைதான். கடந்த ஒரு வருஷத்தில் அவள் பெயர் அச்சில் வந்தது இறப்புச் சான்றிதழிலும் கருமாதிப் பத்திரிகையிலும்தான். வேறு ஓர் இடத்திலும் அது வர வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

பெண் பார்க்கப் போன நாளில்தான் அவன் முதன்முதலாக இந்த விலங்குகளைப் பார்த்தான். பெண் பார்க்கிற வீட்டில் எல்லாமே பெண் செய்ததுதான். பரவையிலும் அப்படியே. கேசரி பெண் கிண்டியது. வாசலில் தொங்கிய மணித்தோரணம் பெண் கோர்த்தது. டிவி மேல் விரித்த பூத்துணி பெண் போட்டது. அவனுக்கு நிமிர்ந்து பெண்ணைப் பார்க்க வெட்கம். கைக்கு எட்டுகிற ஸ்டூலில் ஓர் ஆல்பம் கிடந்தது. எடுத்துப் பிரித்தான். பல்லி பல்லியாகத் தபால் தலைகள். பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை அதற்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டான்.

அழகம்மாள் அதையும் விடவில்லை. "அதுவும் எங்க பொண்ணு சேத்ததுதான் தம்பி," என்றார்.

சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று அவன் நினைத்தான்.

கேசரி கடையில் வாங்கியது என்று கல்யாணமான மறுவாரமே தெரிந்துவிட்டது. சத்யப்ரியாவுக்கு ரவை வறுக்கத் தெரியவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால் தலை சேர்க்கிற பெண்ணுக்குக் கேசரி எதற்கு.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த அவளுடைய முதல் பிறந்த நாளுக்கு ஒரு பாக்கெட் டைனோசர் தபால் தலைகள் வரவழைத்துக் கொடுத்தான். அவள் பிரித்தாள். வெகு நேரம் பார்த்தாள். "உங்களுக்கு இதுல எது புடிச்சிருக்கு?" என்று கேட்டாள். அவனுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பல்லி என்றாலே ஆகாது. குளியலறையில் பல்லி வந்தால் அவளைக் கூப்பிட்டுத்தான் விரட்டச் சொல்வான். இருந்தாலும் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். அவள் அதை முதல் பக்கத்தில் வைத்தாள். "பேப்பர்ல இருந்தா மட்டும் பயம் இல்லை போல," என்று சிரித்தாள்.

பிறகு மாதத்துக்கு ஒரு பாக்கெட் என்று ஆயிற்று. அவளாக ஒன்றும் கேட்க மாட்டாள். நல்ல வளர்ப்பு என்று அவன் நினைத்தான். அவளோடு பேசுவதற்காக ஒவ்வொரு விலங்கைப் பற்றியும் தேடிப் படித்து, சாப்பிட்ட பிறகு சொல்லுவான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். சில நாள் அப்படியே தூங்கிவிடுவாள். தன் குரல்தான் சரியில்லை என்று அவன் நினைத்தான்.

கல்யாண நாளுக்கு ஓர் இந்தியத் தபால் தலை வாங்கினான். நம் நாடு இந்த விஷயத்தில் அவ்வளவு தாராளம் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஸ்டெகோடான் என்ற விலங்கைப் போட்டார்கள். யானைக்குப் பங்காளி. தந்தங்கள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி இருந்ததால் தும்பிக்கையைப் பக்கவாட்டில்தான் தொங்கவிட்டிருக்கும் என்று அவன் படித்துச் சொன்னான்.

"பாவம், மூக்கு அரிச்சா என்ன பண்ணும்?" என்றாள் சத்யப்ரியா.

இத்தனை விலங்குகளில் அவள் சந்தேகம் கேட்டது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

போன வருஷம் ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தான். ரத்தம் வேண்டும் என்றார்கள். அவன் ரத்த வங்கியில் நின்றான். திரும்பி வந்தபோது அழகம்மாள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்க அவனுக்குச் சில நாள் ஆயிற்று. கேட்டான்.

"ஆல்பத்தைப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னா," என்றார் அழகம்மாள். "வேற ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றே அவன் பீரோவுக்குப் புதுப் பூட்டு மாட்டினான். பாக்கெட்டுகள் வருவதையும் நிறுத்தவில்லை.

பத்தரை ஆனது. அழகம்மாள் சூடம் காட்டினார். விலங்குகளுக்கும் காட்டினார். அசோக்குமார் தாள்களை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உறை போட்டால் நிறம் மங்கித் தெரியும் என்று பட்டாபிராமன்தான் பழைய முறைப்படி செய்யச் சொன்னார். ஒவ்வொன்றின் முதுகிலும் சின்ன ஒட்டுத்தாள். முகம் திறந்திருக்கும்.

முதலில் பிரஷ்ஷால் தட்டினான். சந்தனம் பெயரவில்லை. குங்குமம் மட்டும் பெயர்ந்து பரவியது. மங்கோலியாவில் நடுப்பகல் சாயந்திரமானது. எரிமலை எதுவும் இல்லாத படங்களில் எரிமலை வெடித்தது.

பட்டாபிராமனுக்குப் போன் செய்தான். ஒரு நண்பனின் தபால் தலையில் குங்குமம் பட்டுவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டான்.

"தபால் தலையில குங்குமமா? யார் அந்த நண்பர்?"

"தெரிஞ்சவர் சார்."

பட்டாபிராமன் நண்பரைக் கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு, பச்சைத் தண்ணீரில் மிதக்கவிடலாம், பின்பக்கத்துப் பசை போய்விடும், பசை போனால் பாதி மதிப்பு போய்விடும், அந்த மாதிரி ஆளுக்கு அது வேண்டியதுதான் என்றார்.

அசோக்குமார் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்தான். தாள்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டான். ஸ்டெகோடான் இருந்த தாளை எடுத்தபோது அழகம்மாள் அவன் கையைப் பிடித்தார்.

"இது யானைதான?"

"யானை மாதிரி."

"பேரு என்ன?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். "ஸ்டெகோடான் கணேசா," என்றான். அறிவியலில் அதற்கு அதுதான் பெயர்.

அழகம்மாள் தாளை வாங்கிக்கொண்டார். "பிள்ளையாரைக் கரைக்க நாளு இருக்கு மாப்ள. அது போன மாசமே முடிஞ்சு போச்சு."

அதனால் ஸ்டெகோடான் தப்பியது. மற்றவை தப்பவில்லை. அது நல்ல குங்குமம் இல்லை, சாயம் போட்டது. பேசின் தண்ணீர் மெல்லச் சிவந்தது. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் அழிந்துபோனவை, மதுரை கோச்சடையில் அவன் வீட்டில் இன்னொரு முறை அழிந்தன. வெளியே எடுத்தபோது எல்லாம் ரோஸ் நிறத்தில் இருந்தன. போலந்து, தான்சானியா என்ற வித்தியாசம் போய்விட்டது. ஓரம் சுருண்டு, மசால் அப்பளத்துண்டு மாதிரி ஆகிவிட்டன.

"ரோஸ் நல்லாத்தான் இருக்கு," என்றார் அழகம்மாள். "பொம்பளைப் புள்ளைக்கு ஏத்த கலரு." சொல்லிவிட்டு எதையோ யோசித்தவர்போல நிறுத்திக்கொண்டார்.

காய வேண்டும். ஃபேன் கீழே வைத்தால் பறக்கும் என்று அவன் சொன்னான். மொட்டை மாடியில் வெயில் இருக்கிறது என்று அழகம்மாள் சொன்னார். வெள்ளை வேட்டியை விரித்து, தபால் தலைகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்தார். புளியங்கொட்டை ஈரத் தபால் தலைக்குச் சரியான பாரம்தான். காய்ந்த தபால் தலைக்கு அது போதாது என்று தெரிந்தபோது வைகைப் பக்கமிருந்து காற்று கிளம்பியிருந்தது.

அசோக்குமார் ஓடினான். வேட்டியின் மேல் விழுந்து படுத்தான். அவனுக்கு அடியில் இருந்தவை தப்பின. மற்றவை கைப்பிடிச் சுவரைத் தாண்டின. பறக்கவே முடியாது என்று அவன் படித்துவைத்திருந்த விலங்குகளெல்லாம் பறந்தன.

பக்கத்து மாடியில் முனீஸ்வரி மோர் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் அதிர்ச்சி எதுவும் காட்டவில்லை. மிளகாய்களுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த முதலை உங்களுதா?"

"ஆமாம்மா."

"இன்னும் அஞ்சாறு முதலை கெடக்குண்ணே. வந்து எடுத்துக்கங்க. மொளகா மேல மிதிச்சிராதீக."

அவன் கீழே இறங்கி, அவள் வீட்டுப் படி ஏறினான். மோரில் நனைந்தவற்றைப் பொறுக்கினான். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு கிடந்தன. அங்கேயும் ஏறினான். தொட்டி விளிம்பில் ஒரு காக்கா தான்சானியாவைச் சேர்ந்த ஒன்றை அலகில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தது. அவன் விரட்டவில்லை. அது பறந்து போனது.

திரும்பி வந்து அழகம்மாளிடம் சொன்னான்.

"காக்கா ஒண்ணு எடுத்துட்டுப் போயிருச்சு அத்தை. சத்யாதான் வந்து..."

"அவளா இருக்காது மாப்ள," என்றார் அழகம்மாள். யோசிக்காமல் சொன்னார்.

அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான். ஆனால் வருத்தப்பட நேரமில்லை. அவன் மாடி மாடியாக ஏறி இறங்கியபோது அழகம்மாள் சும்மா இருக்கவில்லை என்று அப்போதுதான் பார்த்தான். அடுப்பில் ஒரு கிண்ணம். மேஜையில் தாள்கள். வேட்டியில் மிஞ்சியிருந்த விலங்குகள் எல்லாம் தாள்களில் ஒட்டப்பட்டிருந்தன.

"எதுல ஒட்டுனீங்க?"

"மைதாவைக் கிண்டி ஒட்டிருக்கேன். கல்யாண வீட்டுக்கு வண்ணத்தாளு ஒட்டுன பசை. கோடாலி வச்சு வெட்டுனாலும் வராது."

அவன் ஒன்றின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான். உண்மைதான்.

ஒட்டியதிலும் ஒரு முறை இருந்தது. கீழே அவன் இங்கிலீஷில் அச்சடித்து வைத்திருந்த பெயர்களை அழகம்மாளால் படிக்க முடியாது. அதனால் பார்த்த மாத்திரத்தில் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருந்தார். பெரியவை பின்வரிசையில், நடுத்தரம் நடுவில், சின்னவை முன்னால். பல்லை வெளியே காட்டுகிறவற்றுக்குத் தனித் தாள். பக்கத்தில் குட்டிகள் இருக்கின்றன, எதற்கு வம்பு என்றார். ஒரு மீனுக்குக் கீழே, பல்லிகளிலேயே கொடியதற்குரிய, 'கொடுங்கோல் அரசன்' என்ற பொருள்கொண்ட பெயர் இருந்தது. கொடுங்கோல் அரசன் ஒரு நத்தையின் பெயரோடு நின்றுகொண்டிருந்தான்.

அசோக்குமாரின் தோள் குலுங்கியது. அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அது சிரிப்பு என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அழகம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பொறுக்கி வந்தவற்றையும் ஒட்டி முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தாள்களை ஃபைலில் அடுக்கினான். அழகம்மாள் தானும் வருவேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. பைக்கின் பின்னால் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை.

வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஆட்டோ, பஸ், லாரி எல்லாவற்றுக்கும் முகத்தில் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அன்று மதுரையில் பொட்டு இல்லாமல் ஒரு வண்டியும் ஓடவில்லை. டைனோசர்களை மட்டும் தனியாகக் குறை சொல்ல முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். தீப்பெட்டி லேபிள்காரர் பெட்டியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். பட்டாபிராமன் ஃபைலை வாங்கி, கண்ணாடியை மாட்டி, பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் தாளைப் பார்த்தார். முகர்ந்தார்.

"மோர் வாசனை வரதே."

"மோர் மிளகாய் சார்."

"காலையில போன் பண்ணினேளே, ஒரு நண்பர்னு."

"ஆமா சார்."

"அந்த நண்பர் நீங்கதானா?"

"ஆமா சார்."

பட்டாபிராமன் ஒரு தபால் தலையின் ஓரத்தைத் தடவினார். "மைதாவா?"

"கொஞ்சம் மஞ்சப்பொடியும் போட்ருக்கேன் சாமி," என்றார் அழகம்மாள். "பூச்சி அரிக்காது."

பட்டாபிராமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷமாகத் தபால் தலையைக் கையால் தொடாதவர் அவர், இடுக்கியால் மட்டும் எடுப்பவர். தாள்களைப் புரட்டினார். ரோஸ் நிறக் குடும்பங்கள் கடந்துபோயின. லேபிள்காரர் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தார்.

கடைசித் தாளில் ஸ்டெகோடான். தண்ணீரில் படாமல், அசல் நிறத்தில், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக நின்றது. பட்டாபிராமன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடி பார்த்தார். அவர் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பரிசுக்கு எடுத்துக்க முடியாது," என்றார். "ஜட்ஜ் பாத்தா மயக்கம் போட்டுடுவார். போட்டிக்கு வெளியில, உங்க சட்டத்தையே வாசல் பக்கம் நகத்திடறேன். அதுல வைக்கிறேன்."

லேபிள்காரர் பெட்டியை மூடினார்.

பட்டாபிராமன் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, சேகரித்தவர் என்று அழகான கையெழுத்தில் எழுதினார். நிமிர்ந்து பார்த்தார்.

"சத்யப்ரியா," என்றான் அசோக்குமார். இதைச் சொல்வதற்காகத்தான் காலையிலிருந்து அத்தனையும் செய்திருந்தான்.

"வேணாம் சாமி," என்றார் அழகம்மாள். "மாப்ள பேரை எழுதுங்க."

அசோக்குமார் திரும்பினான். "அத்தை, இது அவ சேத்தது."

"பூசையில வச்ச பொருளு மாப்ள. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே இது மேல என் வாயி ஒரு பொய் சொல்லிருக்கு. இன்னொண்ணு வேணாம்."

"என்ன பொய்? நீங்கதான சொன்னீங்க, கடைசியா அவ ஆல்பத்தைப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னான்னு."

"சொன்னா. ஆனா நீங்க பாத்துக்கணும்னு சொல்லல. நான் பாத்துக்கணும்னு சொன்னா." அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மிச்சத்தைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இன்னைக்கு நீங்க மாடி மாடியா ஏறி எறங்குனதைப் பாத்தேன். இதுக்கு மேல எனக்குத் தாங்காது."

பட்டாபிராமனின் பேனா அட்டைக்கு மேலே அப்படியே நின்றது.

"என்ன அத்தை சொன்னா?"

அழகம்மாள் ஃபைலைப் பார்த்துக்கொண்டு, மகளின் குரலில், ஒரே மூச்சில் சொன்னார்.

"'ஆல்பத்தைப் பத்திரமாப் பாத்துக்கம்மா, அவருக்கு அந்தப் பல்லிகன்னா உசுரு. எனக்குப் புடிக்காதுன்னு மட்டும் சொல்லிறாத.'"